வெள்ளித்திரையில் மதுரை – 14: கடைசி வரிசைக்கும் தெரிந்த கை

சென்ற வாரம் தங்கம் தியேட்டர் வாசலில் நிறுத்தியிருந்தோம். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த கொட்டகை அது. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசிய இடம். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் கன்னம் ஒட்டிய, ஒல்லியான ஒரு புதுமுகம் வந்து நின்றது. வி.சி. கணேசன் என்ற அந்த இளைஞர் புருவத்தை உயர்த்தினால் திரைக்கு வெகுதூரத்தில் இருந்தவனுக்கும் அது எட்டியது. கேமரா முகத்தருகே போனால் எட்டாமல் என்ன செய்யும் என்று கேட்கலாம். கேமரா எல்லார் முகத்தருகேயும்தான் போனது. எல்லாருடைய புருவமும் எட்டிவிடவில்லை. அந்தப் புருவம் பழகிய இடம் வேறு. ஸ்டுடியோ வாசலை மிதிப்பதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, கீற்றுக் கொட்டகையில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், தரை டிக்கெட் வாங்கி மண்ணில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு முன்னால் பழகியது அது.

நம்பியார் என்றதும் கையைப் பிசையத் தோன்றுகிறது. வீரப்பா என்றதும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு. எம்.ஆர். ராதா என்றதும் குரல் தானாகக் கரகரத்து நடுவில் கீச்சிடுகிறது. அசோகன் என்றால் சொல்லை இழுக்க வேண்டும், பாலையா என்றால் கண்ணை உருட்டித் தலையைச் சாய்க்க வேண்டும். எங்கள் வண்டியூர்ப் பக்கம் கோயில் பொங்கலுக்கு ஆடல் பாடல் வைத்தால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு ஓடி வருவார். அசல் மனிதரின் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்திராத பிள்ளைகள்கூட அவர் யாரென்று சொல்லிவிடுவார்கள். இந்தச் சேட்டைகளைப் பலகுரல் கலைஞர்கள் வழியாகச் சிரித்தே பழகிவிட்டோம். அவற்றுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் மதுரை என்றே எழுதியிருந்தது. இந்த வாரம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போவோம்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. மதுரை ஸ்ரீ பால கான சபா. மதுரை தேவி பால விநோத சங்கீத சபா. மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா. இவற்றுக்கெல்லாம் முன்னோடியாக, 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்வ பால சபா. கம்பெனி கும்பகோணத்தில் முகாம் போட்டிருக்கும், ரங்கூனுக்குக் கப்பலேறும். ‘மதுரை’ மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். நாடகத்துக்கு அந்தப் பெயர் அப்போது ஒரு முத்திரை. பெரியவர்களை வைத்துக் குழு நடத்துவதில் இருந்த தொல்லைகளைப் பார்த்து அலுத்த சுவாமிகள், பையன்களைச் சேர்த்துச் சோறு போட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கைக்கொண்டார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தது அவரிடம்தான். சச்சிதானந்தம் பிள்ளையின் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி. சக்கரபாணி, அவர் தம்பி ராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா, காளி என். ரத்தினம். யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் பால கான சபாவில் திருச்சி சங்கிலியாண்டபுரத்துச் சிறுவன் கணேசன். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் குழுவில் கண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த நம்பியார். ஜெகந்நாத ஐயர் கம்பெனியில் ராதா. பின்னாளில் ஒருவர் முகத்தில் ஒருவர் குத்திக்கொண்டும் ஒருவர் கழுத்துக்கு ஒருவர் கத்தி வைத்துக்கொண்டும் திரையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்த வகைக் கொட்டகைகளில் வளர்ந்தவர்கள்.

அந்தப் பையன்கள் என்ன படித்தார்கள்? முதலில் தொண்டை. விடியுமுன் எழுந்து குரல் எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி வராத காலம். கொட்டகையின் கடைசிப் பெஞ்சுக்கு வசனம் கேட்கவில்லை என்றால் அங்கிருந்து சீட்டி வரும், பின்னாலேயே வாத்தியாரின் பிரம்பும் வரும். அடுத்தது பாடம். தன் வேடத்துக்கு மட்டும் நெட்டுருப் போட்டால் போதாது, நாடகம் முழுதும் மனப்பாடமாக வேண்டும். ராஜபார்ட்டுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே இன்னொருவன் கிரீடம் வைத்துக்கொள்வான். மகரக்கட்டு உடைந்து குரல் கரடுமுரடானால் நேற்றுவரை பாடிக் கைதட்டல் வாங்கியவன் இன்று சேவகன் வேடத்துக்கு இறங்குவான். அப்படி இறங்கியவன் அழிந்துபோகாமல் இருக்க ஒரே வழி, சேவகன் வேடத்திலும் ஜனங்கள் கண்ணில் பட ஏதாவது செய்வது. ஒரு நடை, ஒரு தோள் குலுக்கல், ஈட்டியைப் பிடிக்கும் ஒரு தினுசு. பாணி என்று நாம் கொண்டாடுவது பல பேருக்கு அந்த வயதில், அந்தப் பசியில் முளைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூன்றாவது வெளிச்சம். மேடையின் ஓரத்தில் சில விளக்குகள், அவ்வளவுதான். நாற்பதடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு முகத்தின் நுணுக்கம் தெரியாது. சந்தேகம், பொறாமை, தந்திரம் எல்லாவற்றையும் கையிலும் கழுத்திலும் தோளிலும் நடையிலும் கொண்டுவந்தாக வேண்டும். எந்த நாட்டு மேடையும் இதைக் கண்டுகொண்டிருக்கிறது. ஜப்பானின் கபுகியில் உணர்ச்சி உச்சத்துக்குப் போனதும் நடிகர் கண்ணை உருட்டி அப்படியே உறைந்து நிற்பார். ‘மியே’ என்று அதைச் சொல்வார்கள். சாப்ளினின் உடம்பும் லண்டன் மியூசிக் ஹால்களில் வளைந்து பழகிய உடம்புதான். நம் கொட்டகைகளில் அது ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடந்தது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதித் தூக்கத்தில் இருப்பவனையும் எழுப்பி உட்கார வைக்கும் கை அது.

நம்பியாரின் கையை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளும் மெதுவாகத் தேய்ந்துகொள்ளும், உதடு இறுகும், கண் பக்கவாட்டில் போகும், பிறகுதான் வசனம். திட்டம் போடுகிறான் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லியாயிற்று. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் அவர் சாட்டையோடு மாடிப்படியில் இறங்கி வரும்போது பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறை. 1950இல் வந்த ‘திகம்பர சாமியார்’ படத்தில் கதையின் நாயகன் அவர்தான். வேடத்துக்கு மேல் வேடமாக மாறிக் கலக்கியிருப்பார். பிறகு வந்த ‘கல்யாணி’யிலும் கதாநாயகன். அவ்வளவு கைவசம் வைத்திருந்தவரை ஊர் வில்லனாகவே கேட்டது, அவரும் மனம் கோணாமல் அரை நூற்றாண்டு கையைப் பிசைந்தார். வாழ்க்கையில் சைவம், மது தொடாதவர், வருஷா வருஷம் சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போன குருசாமி. அவரோடு இருமுடி கட்டியவர்கள் மதுரையிலும் உண்டு. வேடத்தை மேடையோடு கழற்றி வைக்கும் ஒழுங்கும் நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவில் கற்ற பாடமாகவே எனக்குப் படுகிறது. பக்தி நாடகங்களுக்கும் கட்டுப்பாட்டுக்கும் பேர்போன குழு அது.

பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, எழுத்தில் வராது. ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும்போது, நடுவில் அவர் விடும் ஒற்றை வரிப் பாராட்டு இரண்டு நர்த்தகிகளுக்கும் சமமாக இன்றுவரை நினைவில் நிற்கிறது. அதுவே போதும்.

ராதாவிடம் சற்று நிற்க வேண்டும். மற்றவர்கள் கையால் செய்ததை அவர் குரலால் செய்தார். ஒரே வாக்கியத்தை அதட்டலாகத் தொடங்கி, நடுவில் உடைத்து, கீச்சுக் குரலில் முணுமுணுத்து முடிப்பார். முதல் பாதி எதிரில் நிற்கும் பாத்திரத்துக்கு, பின்பாதி சபைக்கு. இரண்டு ஆட்கள் ஒரு தொண்டையில் குடியிருந்தார்கள். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை ஊர் ஊராகப் போட்டபோது, அன்றைய செய்தித்தாளில் வந்ததையெல்லாம் அந்தக் கீச்சுக் குரலுக்குள் நுழைத்துவிடுவார். நேற்றுப் பார்த்தவனும் இன்று மறுபடி டிக்கெட் வாங்கியது அதற்காகத்தான். அந்த முணுமுணுப்பு ஆட்சியில் இருந்தவர்களை எப்படி உறுத்தியது என்றால், 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தபோது அது ராதாவுக்காகவே வருகிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். அதே ஆண்டு ‘ரத்தக்கண்ணீர்’ படமாக வந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய திமிரோடு நிமிர்ந்து நடக்கும் மோகனசுந்தரம், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களோடு வீதியில் உட்கார்கிறான். உடம்பு முழுதும் சுருங்கினாலும் குரலில் மட்டும் அந்தப் பழைய அதட்டல் மிச்சமிருக்கும். தமிழ்த் திரையில் ஒரு மேனரிசம் இவ்வளவு ஆழத்துக்குப் போன இடம் வேறில்லை என்பது என் கட்சி. ‘பாகப்பிரிவினை’, ‘பாவமன்னிப்பு’, ‘பலே பாண்டியா’ எல்லாம் அதற்குப் பிறகு வந்த அறுவடை.

வண்டியூர் மண்ணில் நின்றுகொண்டு இதையெல்லாம் எழுதும்போது அழகரைத் தவிர்க்க முடியாது. ஆற்றில் இறங்கியவர் இரவு எங்கள் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார், மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார், அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். மச்சம், கூர்மம், வாமனன், ராமன், கிருஷ்ணன், மோகினி என்று விடியவிடிய அலங்காரம் மாறும். திரை விலகும் ஒவ்வொரு முறையும் கூட்டம் புதிதாகக் கும்பிடும். உள்ளே இருப்பவர் யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதனால்தான் வேடத்தில் அவ்வளவு ஆனந்தம். மீனவனாக, ரிக்‌ஷாக்காரனாக, மாட்டுக்காரனாக எம்.ஜி.ஆர். வந்தபோது இந்த ஊர் ஜனங்கள் பார்த்த பார்வையும் அதே பார்வைதான். அலங்காரம் மாறும், அவர் மாறக் கூடாது.

எம்.ஜி.ஆர். அதை மற்ற எவரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். 1936இல் ‘சதி லீலாவதி’யில் ஒரு போலீஸ் அதிகாரியாகத் தலைகாட்டியதிலிருந்து, 1947இல் ‘ராஜகுமாரி’யில் கதாநாயகன் ஆகும்வரை பதினோரு ஆண்டுக் காத்திருப்பு. சின்னச் சின்ன வேடங்களில் ஓடிய அந்த ஆண்டுகளில் எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். திரையில் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று ஒரு கட்டு. தாயை வணங்கும் மகன். சண்டை என்றால் முதல் அடி எதிராளிக்கு. உதட்டோரம் ரத்தம் கசிந்து, புறங்கையால் துடைத்துப் பார்த்து, ஒரு புன்னகை வந்த பிறகே இவர் கை நீளும். கொட்டகையே எழுந்து நிற்கும் கணம் அந்தப் புன்னகைதான், அடியைவிட. சிலம்பமும் வாளும் நிஜமாகவே கைவந்தவர் என்பதால் அந்தக் கணத்துக்கு ஒரு நம்பகம் இருந்தது. ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் அவருக்கு மூத்தவரான சின்னப்பாவும் சிலம்பத்தில் தேர்ந்தவர்தான். பாட்டும் கம்பும் சேர்ந்த ராஜபார்ட் என்ற மரபு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்தது. பாட்டு மட்டும் பின்னணிக்குப் போய்விட்டது.

1956 சித்திரையில் ‘மதுரை வீரன்’ வந்தது. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் ஜனங்கள் தினமும் கும்பிடுகிற சாமிக்கு எம்.ஜி.ஆர். முகம் கொடுத்தார். பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மா. எங்கள் தெப்பக்குளத்தை வெட்டிய அதே திருமலை நாயக்கர், படத்தில் ஓ.ஏ.கே. தேவர் உருவத்தில் வந்து வீரனுக்குத் தண்டனை சொல்வார். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு நாயகன் சாகிறான். எம்.ஜி.ஆர். செத்தால் படம் ஓடாது என்பது பின்னால் வந்த விதி; 1962இல் ‘பாச’த்தில் அவர் இறந்ததை ரசிகர்கள் பொறுத்துக்கொள்ளவே இல்லை. ‘மதுரை வீர’னில் மட்டும் அந்தச் சாவு பொறுக்கப்பட்டது. செத்துச் சாமியாகிறவனுக்கு அழுவது இந்த மண்ணில் புதிதா என்ன? கிராமத்துக்குக் கிராமம் அப்படிச் சாமியானவர்களுக்குப் பீடம் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழா தமுக்கம் மைதானத்தில் நடந்தபோது 110 பவுன் தங்க வாளைப் பரிசாகக் கொடுத்தார்கள். திரையில் சுழற்றிய வாளுக்கு ஊர் கொடுத்த பதில் அது.

அவர் குரலின் கதையும் இங்கே வர வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று ராதாவின் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. பிழைத்தார்; ஆனால் பேச்சு பழைய பேச்சாக இல்லை. சொற்கள் குழைந்தன. வேறு ஆளை வைத்துப் பேச வைத்திருக்கலாம். அதே ஆண்டு வந்த ‘காவல்கார’னில் அவர் தன் குரலிலேயே பேசினார். ரசிகர்கள் அந்தக் குழைவையும் அவருடையதாக எடுத்துக்கொண்டார்கள். பலகுரல் மேடையில் இன்று எம்.ஜி.ஆர். என்று பேசிக்காட்டுவது பெரும்பாலும் அந்தக் குண்டுக்குப் பிந்திய குரலைத்தான். சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

இனி சிவாஜி. பொன்னுசாமி பிள்ளை குழுவில் அவர் முதலில் கட்டிய வேடம் சீதை. பிறகு சூர்ப்பனகை, பரதன், இந்திரஜித். ராமாயணம் ஒன்றிலேயே இத்தனை பேராக ஒருவன் வாழ்ந்தால் எப்படி இருக்கும்? சீதையின் நடை சூர்ப்பனகைக்கு உதவாது. பரதனின் தோள் இந்திரஜித்துக்குப் போதாது. ஆளுக்கொரு நடையைக் கண்டுபிடித்தாக வேண்டும். 1964இல் ‘நவராத்திரி’யில் ஒன்பது வேடம் போட்டபோது பத்திரிகைகள் வியந்தன. பால கான சபாவின் பழைய பையனுக்கு அது மூன்று மணி நேரத்துக்குள் அடங்கிய ஒரு சீசன். எம்.ஜி.ஆர். தன்னை மாற்றாமல் வேடத்தை மாற்றினார் என்றால், சிவாஜி ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு உடம்பைச் செய்துகொண்டார். ‘பாகப்பிரிவினை’யில் விளங்காத கை. ‘தில்லானா மோகனாம்பா’ளில் சீவாளியில் உதடு வைக்கும்போது புடைக்கும் கன்னமும் கழுத்து நரம்பும். ‘கௌரவ’த்தில் பைப்பைக் கடித்துக்கொண்டே எதிராளியை அளக்கும் பாரிஸ்டர். ‘பட்டிக்காடா பட்டணமா’வில் குடுமியோடு வந்த சோழவந்தான் மூக்கையனை இந்தப் பக்கத்து ஆட்கள் தங்கள் பங்காளியாகவே பார்த்தார்கள்.

எல்லாவற்றையும்விட மதுரைக்கு நெருக்கமானது 1965இல் வந்த ‘திருவிளையாடல்’. பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கு விளையாடல்களில் சில. ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அளித்ததும், புட்டுக்கு மண் சுமந்ததும், விறகு விற்றதும் இங்கே ஆண்டுதோறும் நடக்கின்றன. சிலையாகவும் அலங்காரமாகவும் பார்த்துப் பழகிய சொக்கநாதர் அந்த ஆண்டு நடந்து வந்தார். எப்படிப்பட்ட நடை! மீனவனாகக் கடற்கரையில் வரும்போது மார்பை நிமிர்த்தி, கைகளை அகல வீசி, ஒவ்வொரு அடியிலும் உலகமே தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வருவார். மிகை என்று இதைச் சொல்பவர்களிடம் நான் சண்டைக்கு நிற்பேன். கடவுள் மீனவனாக வேடம் போட்டு வருகிறார். வேடம் போட்ட குஷி அவருக்கு இருக்காதா? வேடம் கட்டுவதன் சந்தோஷத்தை ஏழு வயதிலிருந்து தெரிந்த ஒருவரால்தான் அப்படி நடக்க முடியும். அதே மனிதர் விறகு வெட்டியாக வரும்போது நடையில் அந்த நிமிர்வு இருக்காது. அலுத்த உடம்பு, திண்ணையில் சாய்ந்த கிடை. நக்கீரரிடம் வாதாடும்போது கழுத்து மட்டும் அரசனுடையது.

அந்தப் படமே நாடகக் கொட்டகையின் குடும்பப் படம். இயக்கி, நக்கீரராகவும் நடித்த ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். குழுவில் ஸ்திரீபார்ட் கட்டியவர். பாணபத்திரராக வந்த டி.ஆர். மகாலிங்கம் சிறுவயதிலிருந்தே மேடையில் பாடியவர், நம் பக்கத்துத் தென்கரைக்காரர். ஹேமநாத பாகவதராக வரும் டி.எஸ். பாலையாவைக் கவனியுங்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைக்கும்போது அந்தத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் பாதி மூடி, தன் பாட்டைத் தானே ரசிக்கும் கர்வம் விரல் நுனிவரை வந்திருக்கும். இரவில் திண்ணையிலிருந்து விறகு வெட்டியின் பாட்டு கேட்கும்போது அதே கண்கள் மெதுவாகத் திறக்கின்றன. ரசனை, திகைப்பு, பயம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தில் ஏறி இறங்கும். தருமியாக வந்த நாகேஷ் மட்டும் வேறு பள்ளி. ரயில்வே குமாஸ்தாவாக இருந்து சென்னை சபா நாடகங்களில் வளர்ந்தவர். பாய்ஸ் கம்பெனியின் அகலமான கைவீச்சு அவரிடம் இல்லை. மூங்கில் போல ஒடிந்து மடங்கும் உடம்பு, தனக்குள் புலம்பும் வாய். நாகராஜனின் கூர்மை இரண்டு பள்ளிகளையும் ஒரே மண்டபத்தில் மோதவிட்டதில் இருக்கிறது. பொற்றாமரைக் குளத்தருகே நிற்கும்போது இன்றும் எனக்கு நினைவுக்கு வருவது புராணத்துத் தருமி இல்லை, நாகேஷ்தான்.

நாடகக் கொட்டகையே பார்க்காமல் வந்தவர் என்ன செய்தார் என்று பார்த்தால் இந்த வாதம் இன்னும் தெளிவாகும். ஜெமினி கணேசன் புதுக்கோட்டைக்காரர், சென்னையில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், ஜெமினி ஸ்டுடியோவில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தவர். கடைசிப் பெஞ்சுக்குக் கத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அதனால் திரையில் கைகள் சும்மா இருந்தன, குரல் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது போல வந்தது. காதலுக்கு அது பொருந்தியது. ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் சிவாஜி முழங்கும் சபையில் வெள்ளையத்தேவனாக அவர் நிற்கும்போது இரண்டு வகை நடிப்பும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்.

பெண்கள் கதை வேறு. பாய்ஸ் கம்பெனியில் அவர்களுக்கு இடமில்லை; ஸ்பெஷல் நாடகத்தில் இருந்தது. இன்றும் மதுரையில் பேசி முடித்துக் கிராமத்துக்குக் கூட்டிப்போகும் ‘வள்ளி திருமணம்’ அந்த மரபின் மிச்சம். ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு, பபூன், டான்ஸ் என்று குழு வந்து இறங்கும். அந்த மேடையில் எட்டுக் கட்டைக் குரலோடு நின்றவர் கே.பி. சுந்தராம்பாள். 1933 டிசம்பரில் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்ததும் வெள்ளைச் சேலைக்கு மாறினார், நகை துறந்தார், வேறு ஆணோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று நின்றார். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்காக ஒரு லட்ச ரூபாய் கொடுத்து அவரை அழைத்தபோதும் கட்டியது ஆண் வேடம், நந்தனார். பிறகு ஔவை, அதற்கும் பிறகு கவுந்தியடிகள். திரையில் நாம் கும்பிட்ட அந்தக் கோலத்தை எந்த இயக்குநரும் அவருக்கு வரைந்து கொடுக்கவில்லை. துக்கத்தில் தானே எடுத்த முடிவு அது. கோல் ஊன்றிக் கையை உயர்த்தி அவர் தொண்டையைத் திறந்தால் ஒலிபெருக்கிக்கு வேலையில்லை.

குரல் என்றதும் டி.எம். சௌந்தரராஜனை விட்டுவிட்டுப் போனால் மதுரை என்னை மன்னிக்காது. இங்கே சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்து, தொடக்கத்தில் தியாகராஜ பாகவதர் சாயலில் பாடியவர். 1954இல் ‘தூக்குத் தூக்கி’யும் ‘மலைக்கள்ள’னும் வந்தன. முன்னதில் சிவாஜி, பின்னதில் எம்.ஜி.ஆர். இரண்டு பேர் பேசும் விதத்தையும் காதில் வாங்கி இரண்டு தொண்டை செய்துகொண்டார். சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்து கனமாக, எம்.ஜி.ஆருக்குத் திறந்த குரலில் பளிச்சென்று. டீக்கடை ரேடியோவில் பாட்டு வந்தால், படம் தெரியாதவனும் யாருக்காகப் பாடியது என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைப்பான். சேட்டையைக் கண்ணால் பார்க்காமல் காதாலேயே பார்க்க வைத்தவர் அவர்.

எல்லாம் பொன்னாகவே இருந்தது என்று எழுத மனம் வரவில்லை. எழுபதுகளின் பிற்பாதியில் வேடத்துக்காகப் பிறந்த அசைவுகள், வேடத்தையே தங்களுக்கேற்ப வெட்டச் சொல்லின. கைதட்டலுக்காக நிறுத்தி நிறுத்தி நடந்த நடையையும், கதை தேங்கி நிற்கக் கைவீச்சு மட்டும் ஓடியதையும் நாம் பார்த்தோம். எம்.ஜி.ஆர். 1978 பொங்கலுக்கு ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டிய’னோடு முடித்துக்கொண்டார், அதற்குள் முதலமைச்சராகியிருந்தார். சிவாஜி தொடர்ந்தார். 1985இல் அல்லிநகரத்து பாரதிராஜா ‘முதல் மரியாதை’க்கு அவரை அழைத்து, விக்கையும் பெரிய வசனங்களையும் எடுத்துவிட்டு உட்கார வைத்தார். மலைச்சாமியின் கைகள் பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. அரை நூற்றாண்டு பேசிய கை என்பதால் அந்த மௌனத்துக்கு அவ்வளவு எடை. வீசத் தெரியாத கையை மடியில் வைத்தால் அது வெறும் கைதான்.

‘பராசக்தி’யில் தொடங்கினோம். அந்தப் படத்தில் இன்னொரு புது இளைஞரும் இருந்தார். சிவாஜிக்கு அண்ணனாக, ஞானசேகரனாக வந்த எஸ்.எஸ். ராஜேந்திரன். சேடப்பட்டிக்காரர், டி.கே.எஸ். குழுவில் தேறியவர். அவருக்கென்று கைச்சேட்டை எதுவும் கிடையாது; தமிழை மெய்யெழுத்து தேயாமல் உச்சரிப்பதே அவர் அடையாளம். புராணப் படங்களில் நடிக்க மாட்டேன் என்று கொள்கையாகவே ஒதுங்கியதால் ‘இலட்சிய நடிகர்’ என்று பெயர். அந்தத் தெளிவான குரல் 1962இல் தேனித் தொகுதியில் வாக்குக் கேட்டு ஊர் ஊராகப் போனது. இந்தியாவில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் திரைப்பட நடிகர் என்ற பெயரை அந்த வெற்றி அவருக்குக் கொடுத்தது. எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வெல்வதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. திரை உருவம் முதன்முதலில் வாக்குப்பெட்டிக்குள் இறங்கிய அந்தத் தேனித் தேர்தலை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)